கை கேட்ட நான்கு: ப்ராகல் கைப்பிடிப் பட்டறை, 1986

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, என் அம்மா குளியலறைக்குள் இருபது நிமிடம் அடைபட்டுக் கிடந்தார். பூட்டு கெடவில்லை. மழை ஈரத்தில் கதவு ஊதி நிலையில் இறுகிக்கொள்ளவும் இல்லை. கதவில் இருந்த உருண்டைக் குமிழ்தான் காரணம். பளபளப்பான எஃகுக் குமிழ், சோப்பு நுரை படிந்த கை, மூட்டுவாதத்தில் விரல்கள் சரியாக மடங்காத எழுபத்து நான்கு வயது. குமிழைத் திருப்ப முதலில் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும், பிறகு மணிக்கட்டை முறுக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டுமே முடியாத காரியம். கடைசியில் துண்டைச் சுற்றி, இரண்டு கைகளாலும் பற்றித் திருப்பி வெளியே வந்தார்.

வீடுகளுக்கு உள்வேலை செய்து கொடுப்பது என் தொழில். பிறர் வீட்டுக் கதவுகளுக்கு நூற்றுக்கணக்கில் கைப்பிடி தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுக் குளியலறைக் குமிழை ஒரு நாளாவது அம்மாவின் கையாக எண்ணித் தொட்டுப் பார்த்ததில்லை. அந்தக் குற்ற உணர்வோடுதான், பல ஆண்டுகளுக்கு முன் படித்து வைத்திருந்த ஒரு நிகழ்வைத் திரும்ப எடுத்தேன். ஜெர்மனியில் ப்ராகல் என்ற சிறு நகரத்தில் 1986இல், கட்டடக் கலைஞர்களை அழைத்துக் கைப்பிடி வடிவமைக்க வைத்த பட்டறை அது. கட்டடக் கலைஞர்கள் கதவுக் கைப்பிடியை வடிவமைக்க உட்கார்ந்தால் எது நடக்கும், எது நடக்காது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு நிகழ்வை நான் அறியேன்.

அதை நடத்தியது ஒரு கைப்பிடி நிறுவனம். ஃப்ரான்ஸ் ஷ்னைடர் என்பவர் 1881இல் ஈசர்லோன் நகரில் ஆரம்பித்த உலோகத் தொழிற்கூடம், 1909இல் வெஸ்ட்ஃபாலியாவில் இருக்கும் ப்ராகலுக்கு இடம் மாறியது. நிறுவனரின் பெயரும் ஊரின் பெயரும் சேர்ந்த எஃப்எஸ்பி என்ற மூன்றெழுத்தில்தான் இன்று அதை எல்லோரும் அறிவார்கள். மரச்சாமான்களுக்கான உலோகப் பொருத்துகளில் தொடங்கி, கதவுக் கைப்பிடிகளுக்கு வந்து சேர்ந்த நிறுவனம். 1980களில் அதன் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் யூர்கன் ப்ரவுன். நிறுவனத்துக்குப் புதிய முகம் வேண்டும் என்று அவர் ஓட்ல் ஐக்கரிடம் போனார்.

ஐக்கர் யார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. உல்ம் நகரின் புகழ்பெற்ற வடிவமைப்புப் பள்ளியை நிறுவியவர்களில் ஒருவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் காட்சி வடிவமைப்பு முழுவதும் அவர் பொறுப்பில் நடந்தது. ஓடுகிறவன், நீந்துகிறவன், பந்து எறிகிறவன் என்று ஒவ்வொரு விளையாட்டையும் சில கோடுகளில் அடக்கிய சின்னங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒலிம்பிக்கில் அந்த வகைச் சின்னங்களைச் செம்மைப்படுத்தியது அவர் குழுதான். அப்படிப்பட்டவரிடம் போனால் ஒரு சின்னமும், நல்ல எழுத்துருவும், அழகான விலைப்பட்டியலும் கிடைக்கும் என்றுதான் எந்த நிர்வாகியும் எதிர்பார்ப்பார். ஐக்கர் அங்கிருந்து தொடங்கவில்லை. கைப்பிடி செய்கிறவர்கள் முதலில் கையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். பிடிப்பது என்றால் என்ன, மனிதக் கை ஒரு பொருளை எப்படியெல்லாம் பிடிக்கிறது என்று ஆராயத் தொடங்கினார். அந்த ஆராய்ச்சி 1987இல் புத்தகமாகவும் வந்தது.

அதிலிருந்து திரண்டவைதான், நல்ல கைப்பிடிக்கு அவர் வகுத்த நான்கு தேவைகள். இந்தக் கட்டுரையின் உயிர் இந்த இடம்தான். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் தாழ்த்தித் திறக்கும் நெம்புகோல் வகைக் கைப்பிடி இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்துப் பாருங்கள். முதலில் கட்டைவிரல் எதையோ தேடும். கைப்பிடி கதவிலிருந்து வெளியே வந்து திரும்பும் கழுத்துப் பகுதியில் போய் நின்றால்தான் அதற்கு நிம்மதி. கை வழுக்கிக்கொண்டு போகாமல் நிறுத்தும் அந்த இடத்தை ஐக்கர் கட்டைவிரலுக்கான தடுப்பு என்றார். அடுத்தது ஆள்காட்டி விரல். கைப்பிடியின் அடிப்பக்கத்தில், கழுத்தை ஒட்டி, ஒரு சிறு குழிவில் ஒடுங்கிக்கொள்ள அது விரும்புகிறது. திசையைத் தீர்மானிப்பது அந்த விரல்தான். மூன்றாவது, கட்டைவிரலின் அடியில் உள்ளங்கையில் மேடாக இருக்கும் சதை. கைப்பிடியைக் கீழே அழுத்தும்போது பாரம் முழுவதும் அந்த மேட்டின் வழியாகத்தான் இறங்குகிறது. அதற்கு அகலமான, மழுங்கிய பரப்பு வேண்டும். கூரான விளிம்பு அங்கே பட்டால் வலிக்கும். நான்காவது, பருமன். மூடிய கைக்குள் ஒரு வெற்றிடம் இருக்கிறது, கைப்பிடி அதை நிரப்ப வேண்டும். மெல்லிய தகட்டைப் பிடித்தால் விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, பிடித்தோமா இல்லையா என்றே தெரியாமல் போகும்.

இந்த நான்கிலும் அழகு என்ற சொல் வரவில்லை. பித்தளையா, எஃகா என்ற கேள்வியும் இல்லை. அதற்காகவே எனக்கு இவை மேல் மரியாதை. வரைபலகையில் கைப்பிடி ஒரு கோடு. கதவின் முகப்பை வரையும்போது அது ஒரு அங்குல நீளத்தில் வந்து போய்விடும். ஆனால் வீட்டில் குடியிருக்கிறவன் அதைப் பார்ப்பதே இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது முறை தொடுகிறான். சுவரைத் தொடாமல், கூரையைத் தொடாமல் ஒரு கட்டடத்துக்குள் வாழ்ந்துவிடலாம். கைப்பிடியைத் தொடாமல் உள்ளே நுழையவே முடியாது.

கட்டடக் கலைஞர்களுக்கும் கைப்பிடிக்கும் இருக்கும் உறவு ப்ராகலில் தொடங்கியதல்ல. பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியை நிறுவிய வால்டர் க்ரோபியஸ் 1922இல் அடால்ஃப் மேயரோடு சேர்ந்து ஒரு கைப்பிடி வரைந்தார். வளைந்து வரும் சதுரக் கம்பி, அதன் முனையில் ஓர் உருளை. அவ்வளவுதான். ஆல்ஃபெல்ட் நகரின் ஃபாகுஸ் தொழிற்சாலையிலும், பிறகு டெஸ்ஸாவ் பௌஹவுஸ் கட்டடத்திலும் அது இடம்பெற்றது. நூறு ஆண்டு கடந்தும் அதன் மறுபதிப்புகள் விற்பனையில் இருக்கின்றன. அதைப் பார்த்துச் செய்த நகல்களுக்குக் கணக்கே இல்லை.

அதைத் தயாரித்தது பெர்லினில் இருந்த எஸ். ஏ. லோவி வெண்கல வார்ப்பகம். கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைஷ்டாகின் முகப்பில் ‘ஜெர்மன் மக்களுக்கு’ என்ற பொருளில் பெரிய எழுத்துகள் இருக்கின்றன அல்லவா, நெப்போலியனுக்கு எதிரான போர்களில் கைப்பற்றிய பிரெஞ்சு பீரங்கிகளை உருக்கி 1916இல் அவற்றை வார்த்துக் கொடுத்ததும் இதே லோவிகள்தான். அவர்கள் யூதக் குடும்பத்தினர். நாஜி ஆட்சி அந்தத் தொழிலையும் குடும்பத்தையும் சிதைத்தது. அந்தக் குடும்பத்தில் பிறந்த எரிஷ் க்ளோடன், ஹிட்லரைக் கொல்ல நடந்த சதியில் சம்பந்தப்பட்ட ஒரு தளபதிக்குத் தன் வீட்டில் அடைக்கலம் கொடுத்ததற்காக, மனைவியோடும் மாமியாரோடும் 1944 நவம்பர் 30 அன்று மரண தண்டனைக்கு உள்ளானார். க்ரோபியஸ் கைப்பிடி என்று பெயர் சொல்லும்போதெல்லாம் அதை வார்த்த கைகளை நாம் மறந்துவிடுகிறோம். அந்தப் பெயர்களும் கூடவே வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

க்ரோபியஸின் வடிவத்தை ஐக்கரின் நான்கு தேவைகளோடு வைத்துப் பார்ப்போம். உருளை கைக்குப் பருமனைக் கொடுக்கிறது. உள்ளங்கை மேட்டுக்கும் உறுத்தல் இல்லை. ஆனால் ஆள்காட்டி விரலுக்குக் குழிவு கிடையாது. உருளை முடிந்து சதுரக் கம்பி தொடங்கும் இடத்தின் விளிம்புதான் விரலுக்குத் தட்டுப்படும். கண்ணுக்கு அந்தச் சந்திப்புதான் வடிவத்தின் மொத்த அழகும். விரல் அதே இடத்தில்தான் குறை சொல்கிறது.

வியன்னாவில் தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைன் 1926 முதல் 1928 வரை, கட்டடக் கலைஞர் பால் எங்கெல்மானோடு சேர்ந்து தன் சகோதரிக்குக் கட்டிய வீட்டின் கைப்பிடி இன்னும் சிக்கனமானது. வளைத்த ஓர் உலோகக் கம்பி, அலங்காரத் தகடு எதுவும் இல்லாமல் நேராகக் கதவுக்குள் போகிறது. கட்டி முடிக்கும் தறுவாயில் ஒரு கூடத்தின் கூரையை மூன்று சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்ன மனிதர் அவர். கைப்பிடியிலும் அதே பிடிவாதம் தெரிகிறது. எஃப்எஸ்பிக்கு ஐக்கர் கடைசியில் வரைந்து கொடுத்த சின்னம் இந்தக் கைப்பிடியின் சாயலில் அமைந்ததுதான்.

இனி பட்டறைக்கு வருவோம். ப்ரவுனும் ஐக்கரும் அழைத்தவர்களின் பட்டியல் இன்றைக்கும் வியப்பளிக்கிறது. வியன்னாவிலிருந்து ஹான்ஸ் ஹோலைன், கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை முந்தைய ஆண்டுதான் பெற்றவர். ஜப்பானிலிருந்து அராதா இசொசாகி. சுவிட்சர்லாந்திலிருந்து மாரியோ போட்டா. மிலானிலிருந்து அலெஸ்ஸாண்ட்ரோ மெண்டினி. நியூயார்க்கிலிருந்து பீட்டர் ஐசன்மன். இவர்களோடு ப்ரௌன் என்ற மின்சாதன நிறுவனத்தின் வானொலிப் பெட்டிகளாலும் கால்குலேட்டர்களாலும் அறியப்பட்ட டீட்டர் ராம்ஸ். அவரும் இளமையில் கட்டடக் கலை பயின்று, கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்தான். அருங்காட்சியகங்களும் வானளாவிகளும் வரையும் கைகள், ஒரு சாண் நீளப் பொருளுக்காக ஒரு சிறு நகரத்தில் கூடின.

அங்கே மோதியது இரண்டு சிந்தனைகள். ஒன்று, கைப்பிடி என்பது கட்டடத்தின் சிறு உருவம். கட்டடம் என்ன மொழியில் பேசுகிறதோ அதே மொழியில் கைப்பிடியும் பேச வேண்டும். அந்த எண்பதுகளில் இது வலுவான வாதம். பின்நவீனத்துவக் கட்டடக் கலை உச்சத்தில் இருந்த காலம் அது. வடிவம் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும் என்று நம்பினார்கள். மற்றது ஐக்கரின் வாதம்: கைப்பிடி கட்டடத்தின் உறுப்பு என்பதைவிடக் கையின் உறவு. பெரிய கட்டடக் கலைஞரின் கையெழுத்து அதில் இருக்கிறதா என்பது உள்ளங்கைக்குத் தெரியாது.

எனக்கு இதில் நடுநிலை இல்லை. அந்தக் கூட்டத்தில் ராம்ஸின் வேலையைத்தான் நான் முதலில் வைப்பேன். அவர் அலுமினியத்தையும் கறுப்பு பிளாஸ்டிக்கையும் ஒரே கைப்பிடியில் சேர்த்தார். காரணம் எளிமையானது. உலோகம் கையின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்; பனிக்காலத்தில் தொட்டால் சில்லிடும். பிளாஸ்டிக் அப்படிச் செய்யாது. பாரம் தாங்கும் இடத்துக்கு உலோகம், தொடும் இடத்துக்கு பிளாஸ்டிக் என்பதில் அலங்காரமும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. அவர் வரையும்போது கதவின் முகப்பை மட்டும் நினைக்கவில்லை, ஜனவரி மாதத்து ஜெர்மன் காலையையும் நினைத்தார்.

மற்றவர்களைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு கட்டடத்துக்காகவே கைப்பிடி வரைந்து, கைக்கும் கட்டடத்துக்கும் ஒருசேர நியாயம் செய்தவர்கள் உண்டு. மிலானின் பிரெல்லி கோபுரத்துக்கு ஜியோ பொன்ட்டி 1954இல் வரைந்த ‘லாமா’ கைப்பிடி கத்தி அலகு போல மெலிந்தது. ஒலிவாரி நிறுவனம் இன்றும் அதைத் தயாரிக்கிறது. கோபன்ஹேகனில் 1960இல் திறந்த எஸ்ஏஎஸ் ஹோட்டலுக்கு ஆர்னே யாகப்சன் நாற்காலி முதல் கரண்டி வரை எல்லாம் வரைந்தபோது கைப்பிடியும் வரைந்தார். அது உள்ளங்கையைப் பதித்து வார்த்தது போல வளைந்து கட்டைவிரலுக்கு இடம் கொடுக்கிறது. ஐக்கர் நான்கு தேவைகளை எழுதுவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அவற்றை ஒருவர் செய்து காட்டிவிட்டார்.

ஆனால் இந்த நிகழ்வில் என்னை உலுக்கியது வேறு ஒரு பெயர்: ஜோஹன்னஸ் பொட்டென்ட்டே. இவர் வியன்னாவிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ வந்தவரல்ல. எஃப்எஸ்பி ஆலைக்குள்ளேயே, உலோக வேலையில் பயின்று, பல பத்தாண்டுகள் வேலை பார்த்தவர். 1950களில் அந்த நிறுவனம் விற்ற கைப்பிடிகள் பலவற்றின் வடிவம் அவருடையது. கூழாங்கல்லை ஆறு தேய்த்தது போல எல்லா விளிம்பும் ஓய்ந்த வடிவங்கள். கட்டைவிரல் நிற்க இடம், ஆள்காட்டி விரலுக்குக் குழிவு, மேட்டுக்குத் தாங்கல், கைக்குள் நிறைந்த பருமன், நான்கும் அவற்றில் இருந்தன. அவர் பெயர் எந்த விலைப்பட்டியலையும் அலங்கரிக்கவில்லை. உலகத்தின் பெரிய பெயர்களை வரவழைத்துக் கைப்பிடி என்றால் என்ன என்று கேட்ட அதே காலத்தில்தான், அந்தக் கேள்விக்குப் பதில் தங்கள் பட்டறை மேசையிலேயே கிடந்ததை நிறுவனம் கண்டது. ஐக்கர் அவரைக் கொண்டாடினார். அவருக்கென்றே ஒரு புத்தகம் வந்தது. அரம் பிடித்து, உரசி, தன் கையாலேயே சோதித்து, மறுபடி உரசுகிற ஒருவனுக்குக் கோட்பாடு தனியாகத் தேவைப்படவில்லை. கை சொன்னதை அவன் கேட்டான்.

இந்த நிகழ்வு தொடாமல் விட்ட பகுதிகளும் உண்டு. ஐக்கரின் நான்கு தேவைகளும், பிடிக்க முடிந்த கைக்கு எழுதியவை. பிடிக்கவே முடியாத கை? அம்மாவின் கதவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழில், மையத்திலிருந்து கை பிடிக்கும் விளிம்புக்கு இருபத்தேழரை மில்லிமீட்டர் தூரம். நெம்புகோலில் கை அழுத்தும் இடம் மையத்திலிருந்து ஏறக்குறைய நூறு மில்லிமீட்டர். ஒரே பூட்டைத் திறக்க, குமிழுக்குக் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நெம்புகோலுக்குப் போதும். அதைவிட முக்கியம், இறுக்க வேண்டியதே இல்லை. முழங்கையால் அழுத்தினாலும் திறக்கும். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், கைப்பிடியை ஒரு கையால், இறுக்காமல், கிள்ளாமல், மணிக்கட்டை முறுக்காமல் இயக்க முடிய வேண்டும் என்கின்றன. தேவைப்படும் விசை ஐந்து பவுண்டுக்கு, அதாவது இரண்டேகால் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கனடாவின் வான்கூவர் நகரம் ஒரு படி மேலே போய், 2014 முதல் புதிய கட்டடங்களில் உருண்டைக் குமிழே கூடாது என்றது. உயரமும் இதில் சேரும். ஜெர்மனியில் கைப்பிடியின் வழக்கமான உயரம் தரையிலிருந்து 1050 மில்லிமீட்டர். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எட்ட வேண்டிய கதவென்றால் 850.

நான் அன்று மாலையே குமிழைக் கழற்றிவிட்டு நெம்புகோல் மாட்டினேன். எட்டு மில்லிமீட்டர் சதுரக் கம்பி, இரண்டு பக்கமும் வட்டத் தகடு, நேரான உருண்டைத் தண்டு. பார்வைக்குச் சுத்தமான வேலை. அம்மா உள்ளங்கையை மேலே வைத்து லேசாக அழுத்தினார், கதவு திறந்தது. இரண்டாவது வாரம் அதன் முனையில் அவருடைய முந்தானை மாட்டியது. அறையை விட்டு வெளியே வந்த வேகத்தில் சேலை இழுக்க, அம்மா தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நல்ல வேளை, விழவில்லை.

அந்த இரவு மறுபடி நூல்களைப் புரட்டியபோதுதான், பல முறை படித்தும் மனதில் பதியாத ஒன்று புரிந்தது. அவசர வெளியேற்றக் கதவுகளுக்கான ஐரோப்பியத் தரவிதியான இஎன் 179, கைப்பிடியின் வெளிமுனை கதவை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும் என்கிறது. புகை சூழ்ந்த தாழ்வாரத்தில் ஓடுகிறவனின் சட்டைக் கையோ பையின் வாரோ அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அந்த விதியை எழுதியவர்கள் சேலையை நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அது சேலைக்கு எழுதியது போலவே இருந்தது. நேர்த்தண்டுக் கைப்பிடி நம் ஊர்க் கடைகளில் இவ்வளவு விற்பதற்குக் காரணம் அது படத்தில் அழகாக விழுவதுதான். கட்டடக் கலைஞர்கள் விரும்பிக் கேட்பதும் அதைத்தான். நானும் கேட்டிருக்கிறேன், பல வீடுகளில். முந்தானையும் துப்பட்டாவும் வேட்டி நுனியும் நடமாடும் வீட்டில் அந்த முனை திறந்திருக்கக் கூடாது. வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லியே இனி கைப்பிடி தேர்ந்தெடுக்க வைக்கிறேன்.

இப்போது அந்தக் கதவில் இருப்பது, முனை திரும்பிக் கதவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் எஃகுக் கைப்பிடி. முனைக்கும் கதவுப் பலகைக்கும் இடையில் ஒரு விரல் நுழையாத இடைவெளிதான் விட்டிருக்கிறது. அடிப்பக்கத்தில், கழுத்தை ஒட்டி, ஆள்காட்டி விரலுக்கு ஒரு சிறு குழிவு இருக்கிறது. மாட்டுவதற்கு முன் கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஏழெட்டு வகைகளைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார், பிறகு அவரும் ஒன்றைக் கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்தார். மாட்டிக் கொடுத்த தச்சர், “அம்மா, ஒரு முறை திறந்து பாருங்கள்” என்றார். அம்மாவின் வலக்கையில் காபி டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைக்காமல், இடது முழங்கையால் கைப்பிடியை அழுத்தினார்.